சப்பாத்துக் காலோடு வெட்டிய பாதை

ரோட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று என்னைக் கேட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்ல வார்த்தை அவ்வளவாக இல்லை. ஊவா மலைச் சரிவுகளில் பாதை வெட்டியே என் தலை நரைத்தது என்பது உண்மைதான். ஆனால் மலையைக் கண்ணாலேயே அளந்துவிடுகிற ஆள் என்று என்னைப் பற்றி யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம். முக்கால்வாசி நான் வாயால்தான் அளந்தேன்.

கத்தி பிடிப்பது, அலவாங்கு போட்டுக் கல்லைப் புரட்டுவது, மழைத் தண்ணீர் ஓடக் கான் வெட்டுவது எல்லாம் உங்கள் கங்காணிமார் காட்டிக்கொடுப்பார்கள். அவற்றை நான் தொடப்போவதில்லை. காடு மண்டிய சரிவில் நிற்கிறீர்கள். பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், முன்னால் புதரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு பெரிய மடையனாக நடந்துகொள்ள முடியும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இந்த விஷயத்தில் பதுளையிலிருந்து அப்புத்தளை வரை தேடினாலும் என்னை மிஞ்ச ஆள் கிடைக்காது.

அப்போதெல்லாம் தெமோதரைக்கு ரயில் வரும் என்று சொன்னால் சிரித்திருப்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் பதுளையிலிருந்து பொதிமாட்டின் முதுகில்தான் வரும். தோட்டம் கீழ்க்கணக்கு, மேல்கணக்கு என்று இரண்டு பிரிவு. துரையின் பங்களாவும் அரிசி இருப்பு வைக்கும் காம்பராவும் கீழே. மேல்கணக்கு ஆட்கள் குடியிருக்கும் லயங்கள் மலையின் முதுகில். இரண்டையும் இணைத்திருந்த பழைய பாதை ஒரு பெருமழையில் சரிந்து பள்ளத்துக்குள் போய்விட்டது. அதன்பிறகு மேல்கணக்குச் சனங்களுக்கு அரிசி தலைச்சுமையாக, மலையைச் சுற்றிக்கொண்டு ஓர் ஒற்றையடித் தடத்தில் போனது. போனது என்றால் பாதிதான் போனது. லயத்தில் ஒரு வேளை சோறு, ஒரு வேளை கஞ்சி என்று தொடங்கி, கடைசியில் இரண்டு வேளையும் கஞ்சி என்று ஆகிவிட்டது. ஐப்பசி மழை வலுத்தால் அந்த ஒற்றையடித் தடமும் அடைபட்டுவிடும். அதற்குள் பொதிமாடு ஏறக்கூடிய ஒரு புதுப் பாதை வேண்டும்.

எனக்குத் தொழில் காட்டிய மூத்த கங்காணி திருச்சிப் பக்கத்துக்காரர். பேச்சு குறைவு, வெற்றிலை அதிகம். பாதை வெட்டுவதில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "முளை முளையத் தொடாம மம்பட்டி மண்ணத் தொடக்கூடாது" என்பார். அதாவது இந்த முனையிலிருந்து அந்த முனைவரை முளை அடித்து, வழி சரியாகச் சேருகிறதா என்று நடந்து பார்த்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்க வேண்டும். அதை அவர் சொல்லும்போதெல்லாம் நான் பணிவாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரன்.

அந்த வருஷம்தான் துரை என்னையும் ரோட்டுக் கங்காணி ஆக்கி, பாதி ஆட்களை என் கையில் கொடுத்தார். கூடவே தன்னுடைய பழைய சப்பாத்து ஒரு சோடியையும் கொடுத்தார். கெட்டியான தோல், தடித்த அடி, உயர்ந்த குதி. என் காலுக்கு அது பெரிது. முன்பக்கம் சாக்குத் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டேன். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். நான் அடைமழையிலும் சேற்றிலும் சப்பாத்துப் போட்டேன். காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும்போது, எனக்கு அங்கே வேலையே இல்லாவிட்டாலும், இரண்டு சுற்று சுற்றி வருவேன். ஆட்கள் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்க வேண்டும் அல்லவா?

அப்படிச் சுற்றிவந்த ஒரு காலையில்தான் துரையிடம் போய் நானாக வாயைக் கொடுத்தேன்.

"ரெண்டு பக்கத்துலேருந்தும் வெட்டுனா சீக்கிரம் முடிஞ்சிருங்க தொரை. அண்ணன் மேலேருந்து எறங்கட்டும், நான் கீழேருந்து ஏறுறேன். மொள அடிக்க அடிக்கப் பின்னாலயே வெட்டிக்கிட்டு வந்துருவோம். மழைக்கு முன்னால முடிச்சுரலாங்க."

மழை என்ற சொல்லைக் கேட்டதும் துரைக்குப் பிடித்துவிட்டது. அப்படியே செய் என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்தில் நின்ற மூத்த கங்காணி வெற்றிலையை வாயில் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சேருமா?"

"சேராம எங்கண்ணே போயிரும்?"

எங்கள் வழக்கம் என்னவென்றால், சரிவு பார்க்க ஒரு பித்தளைக் குழல் இருக்கும். பாதை எவ்வளவு ஏற வேண்டும் என்று கணக்குப் பார்த்து, துரையே அதைத் திருகி வைத்துக் கொடுப்பார். கங்காணி அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு நிற்பான். இன்னொருவன் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் புதருக்குள் போவான். அந்தக் கம்பில், பார்க்கிற கங்காணியின் கண் உயரத்துக்குச் சரியாக ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கும். குழலுக்குள் அந்தத் துணி நேராகத் தெரிகிற இடத்தில் கம்பை ஊன்றி, அங்கே முளை அடிக்க வேண்டும். பிறகு அந்த முளையருகே நின்று அடுத்த முளை. அந்தச் சரிவில் உண்ணிச்செடியும் மானாப் புல்லும் ஆளை விழுங்குகிற அளவுக்கு வளர்ந்திருந்தன. சில அடிகளுக்கு மேல் துணி கண்ணில் படாது. அதனால் முளைக்கு மேல் முளையாக அடித்துக்கொண்டே போனோம். பின்னாலேயே ஆட்கள் வெட்டிக்கொண்டு வந்தார்கள். என் பாதை கொஞ்சம் அதிகமாக ஏறுகிறதோ என்று ஓரிரு பேர் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்கள். மலை என்றால் ஏறத்தான் செய்யும் என்று அறிவுரை சொன்னேன்.

வேலை முடிவதற்கு முன்பே பதுளைக்கு ஆள் அனுப்பி, பொதிமாடு ஓட்டும் முஸ்லிம் நானாவை அரிசியோடு வரச்சொல்லிவிட்டேன். மேல்கணக்குக்கும் சொல்லி அனுப்பினேன். பாதை சேருகிற இடத்துக்கே வந்து அரிசியை வாங்கிக்கொள்ளுங்கள், கங்காணி கையால் தருவார் என்று. கங்காணி என்றால் நான்தான்.

அந்த நாளும் வந்தது. கீழே நானாவின் மாடுகள் அரிசி மூட்டைகளோடு என் பாதையில் ஏறிக்கொண்டிருந்தன. மேலே மூத்தவர் வெட்டிய பாதை வழியாக மேல்கணக்குச் சனங்கள் கூடைகளோடு இறங்கி வந்திருந்தார்கள். நடுவில் ஒரு புதர் மட்டும் பாக்கி. அந்தப் பக்கத்தில் கத்தி விழும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"இங்கதாண்டா."

சத்தம் என் காலடியிலிருந்து வந்தது. நான் குனிந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"எங்கண்ணே?"

"கீழ பாருடா."

புதரை விலக்கினேன். என் பாதை அந்த இடத்தில் அந்தரத்தில் முடிந்தது. ஓர் ஆள் உயரத்துக்கும் அதிகமாக, செங்குத்தாகக் கீழே, மூத்தவரின் பாதை வந்து நின்றிருந்தது. அவர் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மேல்கணக்குச் சனங்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர் மேல் நிற்கிற சாமியைப் போல நான் மேலே நின்றேன்.

முதலில் கம்பு பிடித்தவனைத் திட்டினேன். அவன் கோணலாகப் பிடித்துவிட்டான் என்றேன். பிறகு குழலில் கோளாறு என்றேன். பிறகு இந்த மலையே சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மலையையே கோணல் என்று சொன்னவன்.

இந்த நேரம் பார்த்துக் கணுக்கால் பக்கம் சுருக்கென்று கடித்தது. சப்பாத்துக்குள் அட்டை. ஒற்றைச் சப்பாத்தைக் கழற்றி, அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரு பிடிப்புக்காகப் பக்கத்தில் ஊன்றியிருந்த கம்பைப் பிடித்தேன். வெறுங்காலில் நின்றபோது சிவப்புத் துணி என் கண்ணுக்கு நேராக இருந்தது. சப்பாத்துக் காலுக்கு மாறி நின்றேன். துணி கீழே போய்விட்டது. வெறுங்காலுக்கு வந்தேன், சரியாக இருந்தது. சப்பாத்துக் காலுக்குப் போனேன், கீழே போனது. இப்படி நான் கம்பைப் பிடித்துக்கொண்டு மாறி மாறிக் காவடி ஆடுவதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் துணி நான் சப்பாத்துப் போடாத காலத்தில் கட்டியது. சப்பாத்து என் கண்ணை ஒரு கட்டைவிரல் அளவு உயர்த்திவிட்டது. ஒவ்வொரு முளையும் அந்தக் கட்டைவிரல் அளவு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. முளைக்கு முளை சேர்ந்து, கடைசியில் ஓர் ஆள் உயரம் ஆகிவிட்டது.

மூத்தவருக்குப் புரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. சிரிக்கத் தொடங்கினார். வெற்றிலை புரையேறி, இருவர் முதுகில் தட்டுகிற அளவுக்குச் சிரித்தார். என்னைத் திட்டியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இத்தோடு நின்றிருந்தால் இது வெறும் வேடிக்கைக் கதை. ஆனால் எனக்கு இன்னும் கொஞ்சம் மானம் மிச்சமிருந்தது. அதுதான் ஆபத்து. துரை எந்த நேரமும் பாதையைப் பார்க்க வருவார். அதற்குள் என் பாதையின் முனையைச் சரித்து வெட்டி எப்படியாவது கீழே இறக்கிவிட வேண்டும் என்று ஆட்களை விரட்டினேன். செங்குத்தாக, புது மண்ணில், ஓர் இறக்கம் வெட்டினோம். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். முதல் மாட்டைக் கொண்டுவரச் சொன்னேன். மாடு முன்னங்காலை வைத்தது. மண் பொலபொலவென்று உதிர்ந்து பள்ளத்தில் விழுந்தது. மாடு காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, மூட்டையோடு அப்படியே படுத்துவிட்டது.

"வாலப் புடிச்சு முறுக்குங்க நானா, எறங்கிரும்" என்றேன்.

நானா அசையவில்லை. "கங்காணி, இந்த மாட்டுக்கு அல்லாஹ் புத்தியக் குடுத்திருக்கான். அதோட நான் சண்டைக்குப் போக மாட்டேன்" என்றார்.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த நிமிஷத்தில் நான் அந்த மாட்டையும், அதைப் பிடித்திருந்த மனிதரையும் பள்ளத்தில் தள்ளத் தயாராக இருந்தேன். துரை வரும்போது பாதை சேர்ந்திருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறொன்றும் என் தலையில் இல்லை. இந்தப் பாதையை எதற்கு வெட்டினோம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதை எனக்கு ஞாபகப்படுத்தியவள் மாரியாயி. மேல்கணக்கில் கொழுந்து பறிக்கிறவள். புருஷன் காய்ச்சலில் படுத்திருந்தான், வீட்டில் இரண்டு பிள்ளைகள். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், இறக்கத்தின் அடிக்கு வந்து நின்றாள்.

"கங்காணி, எங்களுக்கு இன்னைக்கு ரோடு வேணாம். அரிசி வேணும். மூட்டைய அவுத்துக் கையில குடுங்க, நாங்க வாங்கிக்கிறோம்."

இவ்வளவுதான். இதற்கு மேல் அதில் யோசிக்க ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் அது தோன்றவில்லை. மாடுகளின் மேல் இருந்த மூட்டைகளை இறக்கினோம். நான் விளிம்பில் குப்புறப் படுத்துக்கொண்டு கூடை கூடையாக அரிசியைக் கீழே நீட்டினேன். கீழே இருந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றி வாங்கினார்கள். சப்பாத்து இரண்டையும் வாரில் முடிந்து கழுத்தில் போட்டிருந்தேன். அவை ஒவ்வொரு கூடைக்கும் என் மூஞ்சியில் இடித்துக்கொண்டிருந்தன.

மழை தூறத் தொடங்கியபோது துரை வந்தார். படுத்திருந்த மாட்டைப் பார்த்தார். படுத்திருந்த என்னைப் பார்த்தார். பிறகு கீழே இருந்த பாதையைப் பார்த்தார். பல வருஷம் தோட்டத்தில் இருந்தவர், நம் பேச்சை நன்றாகவே பேசுவார்.

"என்ன கங்காணி இது? ரோடு ஏன் ரெண்டு தட்டா இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கீழேயிருந்து மாரியாயியின் குரல் வந்தது.

"மண்ணு சரிஞ்சிருச்சுங்க தொரை. கங்காணி நல்லாத்தான் வெட்டுனாரு. காலையில பொசுக்குனு எறங்கிருச்சுங்க."

மற்றவர்களும் ஆமாங்க, ஆமாங்க என்றார்கள். காலையில் நான் திட்டிய அந்தக் கம்புக்காரன்தான் எல்லாரையும்விட வேகமாகத் தலையாட்டினான். அரிசியை நீட்டிய ஒரே புண்ணியத்துக்காக அத்தனை பேரும் என்னைக் காப்பாற்றத் தீர்மானித்துவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. எழுந்து நின்று, நானும் சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு மலையைப் பார்த்தேன்.

துரையும் மலையைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது சரியிற மண்ணா? அப்ப இங்க ரோடு வேணாம். இன்னொரு தடவ சரிஞ்சா ஆளு சாகும். வேலய நிப்பாட்டு. மழ முடிஞ்சு வேற பக்கம் பாப்போம்."

மழை முடிய என்றால் தை மாதம். அதுவரை மேல்கணக்குக்குப் பாதை இல்லை. இன்றைக்கு வந்த அரிசி எத்தனை நாளைக்குப் போதும்? மாரியாயியின் கையிலிருந்த கூடை அப்படியே நின்றுவிட்டது. தான் சொன்ன பொய் எங்கே போய் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவளால் திருப்பி எடுக்கவும் முடியாது. அவள் என்னைப் பார்த்தாள். மூத்தவர் என்னைப் பார்க்கவில்லை, வேறு எங்கோ திரும்பி வெற்றிலைச் சாற்றைத் துப்பினார்.

நான் உடனே உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். சொல்லவில்லை. பேசாமல் இருந்தால் கங்காணி வேலை நிற்கும், சப்பாத்து நிற்கும், நாளைக்கும் பெரட்டுக் களத்தில் இரண்டு சுற்று வரலாம். மலைக்கு வாய் இல்லை, அது மறுத்துப் பேசப்போவதில்லை. துரை திரும்பி நடக்கத் தொடங்கினார். நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முதல் வளைவுக்குப் போகும்போதுதான் என் வாய் திறந்தது.

"மலை மேல குத்தம் இல்லீங்க தொரை!"

அவர் நின்றார்.

"இது கெட்டி மண்ணுங்க. ஒண்ணும் சரியல. குத்தம் என் கால்லதாங்க."

கழுத்திலிருந்த சப்பாத்தைத் தூக்கிக் காட்டினேன். துணி, கண், குதி என்று என்னென்னவோ உளறினேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். அந்த யானைகூட இவ்வளவு விளக்கம் சொல்லாது. துரை திரும்பி வந்து, சப்பாத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது நான் குடுத்தது."

"ஆமாங்க தொரை."

சிரிக்கிறாரா, கோபமா என்று அவர் மீசைக்குள் எனக்குத் தெரியவில்லை. சப்பாத்தைத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மூத்தவரைப் பார்த்து, "மழ வலுக்குறதுக்குள்ள சேக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்று அவர் தலையசைத்தார். "அப்ப நீ கொழல் பாரு. இவன் கம்பு புடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் துரை போய்விட்டார்.

அவர் மறைந்ததும் மாரியாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "உங்களுக்காகத் தொரைகிட்டப் பொய் சொன்னேனே, என்னையப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே கங்காணி" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த கூடைக்குக் கையை நீட்டினாள்.

பாதையைச் சேர்ப்பது பெரிய வித்தையாக இருக்கவில்லை. என் பாதையின் கடைசி வளைவுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து ஏறாமல் மட்டமாக வெட்டிக்கொண்டு வந்தால் மூத்தவரின் பாதை கிடைத்துவிடும். அவர் குழல் பார்த்தார், நான் கம்பு பிடித்தேன். இந்தத் தடவை முளை முளையைத் தொட்ட பிறகுதான் மண்வெட்டி மண்ணைத் தொட்டது. மழை வலுப்பதற்கு முன்னால் மாடுகள் மேல்கணக்கு வரை ஏறின. அதன்பின் வெகுகாலம் நான் கம்பு பிடிப்பவனாகவே இருந்தேன். அது நியாயம்தான். கம்பு பிடிக்கிறவன் புதருக்குள் முதலில் போகிறவன், முள்ளும் அட்டையும் முதலில் அவனுக்குத்தான். கங்காணியாக இருந்தபோது அது எனக்குத் தெரியாது.

வேலை தப்பிப்போனால் மண்ணைச் சொல்லலாம், மழையைச் சொல்லலாம், மலையைச் சொல்லலாம். எதுவும் எதிர்த்துப் பேசாது. ஆனால் அந்த மலைக்கு மேலே யாரோ அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். வாயைத் திறப்பதற்கு முன் அவர்களை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது துரை வளைவுக்குப் போகும்வரை தோன்றவில்லை. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரம் தோன்றட்டும்.

அன்று சாயங்காலம் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அரிசியெல்லாம் கைமாறி முடிந்தபோது கடைசி மூட்டை மிச்சமிருந்தது. அதை நான் தலையில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு, மூத்தவரின் பாதையில் மேல்கணக்குக்கு ஏறினேன். லயத்து வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாக் காம்பராவிலும் புகை எழும்பிக்கொண்டிருந்தது. சோறு கொதிக்கிற வாசனை அந்த வரிசை முழுக்க வந்தது. பிள்ளைகள் தட்டை வைத்துக்கொண்டு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. மூட்டையை இறக்கிவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. மழையில் யாருக்குத் தெரியப்போகிறது என்று நிம்மதியாக அழுதுகொண்டிருந்தேன்.

மாரியாயி ஒரு தட்டில் சோறும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து என் முன்னால் நீட்டினாள்.

"மழ விட்டு ரொம்ப நேரமாச்சு கங்காணி. மூஞ்சியத் தொடச்சிட்டுச் சாப்பிடுங்க."